பாட்டி பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்

என் தோழி ஒருத்தியின் பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர். அந்த ஒரு காரணத்தால் தானும் அயர்லாந்துக் குடிமகளாகலாம் என்பது அவளுக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க மேசைமேல் மூன்று தலைமுறைச் சான்றிதழ்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாட்டியின் பிறப்புச் சான்றிதழில் இருந்த ஒரு எழுத்து திருமணச் சான்றிதழில் இல்லை. அந்த ஒற்றை எழுத்துக்காக அவள் மாதக்கணக்கில் அலைந்தாள். கடைசியில், வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கான பதிவேட்டில் பெயர் ஏறியது.

கையில் பாஸ்போர்ட் வந்த அன்று அழுதேவிட்டாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம், வேலை பார்க்கலாம், படிக்கலாம். பிரிட்டனிலும் அப்படியே. விசா வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் அழுதது அதற்காக இல்லை. சின்ன வயதில் ஊரைவிட்டுக் கிளம்பிய பாட்டிக்கு அந்த நாட்டில் இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது, அதில் தன் பெயரும் சேர்ந்துவிட்டது என்று நினைத்தபோது தாங்கவில்லையாம்.

அதனால் நான் மரபுவழிக் குடியுரிமைக்கு எதிரானவள் இல்லை. வாய்ப்பிருந்தால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். எனக்குக் கோபம் வருவது, 'இன்னொரு பாஸ்போர்ட் சும்மா பீரோவில் கிடக்கட்டுமே, என்ன கெட்டுவிடும்' என்ற பேச்சைக் கேட்கும்போதுதான். பூர்வீகச் சொத்தை எழுதி வாங்குகிறவர் அதன்மேல் கடன் இருக்கிறதா என்று முதலில் பார்க்க மாட்டாரா? இதற்கு மட்டும் ஏன் யாரும் பார்ப்பதில்லை?

பல நாடுகளில் நீங்கள் விண்ணப்பிக்கவே வேண்டாம், பிறக்கும்போதே குடிமகன்தான். ஆஸ்திரேலியாவின் துணைப் பிரதமராக இருந்த பார்னபி ஜாய்ஸுக்கு 2017இல் நடந்தது அதுதான். அப்பா நியூசிலாந்தில் பிறந்தவர் என்பதால், அந்த நாட்டுச் சட்டப்படி மகனும் நியூசிலாந்துக் குடிமகன். அவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்கிறது ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 44ஆவது பிரிவு. தெரியாது என்ற காரணத்தை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை, பதவி போனது. அப்புறம் அந்தக் குடியுரிமையைத் துறந்து இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தார் என்பது வேறு விஷயம்.

நமக்கென்ன, நாமா தேர்தலில் நிற்கப்போகிறோம் என்று கேட்பவர்களுக்கு வரிக் கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்கப் பெற்றோர் வழியாகக் குடியுரிமை வந்தவர், அந்த நாட்டில் ஒரு நாள்கூட வாழாதவராக இருந்தாலும், வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அங்கே வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் சரி. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ள தொகை எல்லாம் சேர்ந்து ஆண்டின் எந்த நேரத்திலாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். தென்கொரியாவில் விஷயம் இன்னும் கடுமை. பிறப்பால் இரட்டைக் குடியுரிமை உள்ள பையன், 18 வயது ஆகும் ஆண்டின் மார்ச் 31க்குள் கொரியக் குடியுரிமையைத் துறக்காவிட்டால், ராணுவக் கடமை முடியும்வரை பொதுவாக அதிலிருந்து விலக முடியாது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தேதியை யார் சொல்லித் தருவது? பெற்றோர்தானே?

இன்னொன்று, சிக்கலில் மாட்டினால் இரண்டு தூதரகமும் ஓடி வரும் என்று நம்பாதீர்கள். நீங்கள் எந்த நாட்டின் குடிமகனோ அந்த நாட்டுக்கு எதிராகவே உங்களுடைய இன்னொரு நாடு உங்களைப் பாதுகாக்க வர முடியாது என்று 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையே சொல்கிறது.

இப்போது கையில் இருக்கும் குடியுரிமை என்ன ஆகும் என்றும் பாருங்கள். இந்தியக் குடிமகன் தானாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை அதற்கு ஈடாகாது, ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

சட்டமும் அப்படியே இருப்பதில்லை. இத்தாலி பல தலைமுறை தாண்டியவர்களுக்கும் கொடுத்து வந்தது, 2025 மார்ச்சில் பொதுவாகப் பெற்றோர், தாத்தா பாட்டியோடு நிறுத்திவிட்டது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இருந்தவர்கள் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்களோ.

என் தோழிக்கும் அந்த 'அப்புறம்' வலிக்கிறது. பெயர் பதிவாகும்போது அவள் மகனுக்கு நான்கு வயது. அயர்லாந்துச் சட்டப்படி, பதிவுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்குத்தான் அந்த உரிமை போகும். இரண்டு வருடம் கழித்துப் பிறந்த மகளைப் பதிவு செய்துவிட்டாள். மகனுக்கு வழி இல்லை. போன வாரம் தங்கையின் புது பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'என்னோடது எப்போம்மா வரும்' என்று அவன் கேட்டிருக்கிறான்.