மூடியைத் தட்டிப் பாருங்கள்

ஐந்து நாள் ஆனாலும் ஐஸ் கரையாது என்று சொல்லி விற்ற பெட்டி அது. பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். நான் தூண்டிலில் பிடித்ததிலேயே பெரிய மீனை அந்தப் பெட்டியில் வைத்துத்தான் கெடுத்தேன்.

தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து நண்பரின் மாமாவுடைய வள்ளத்தில் போயிருந்தோம். சித்திரை வெயில். காலை ஒன்பது மணிவாக்கில் ஒரு சீலா ஏறியது. (சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று படித்துக்கொள்ளவும். அங்கே போய்ச் சீலா என்று கேட்டால் வேறு மீனை எடுத்துக் கொடுப்பார்கள்.) மூன்றடிக்கு இரண்டு விரல் குறைவு. பெட்டியின் உள்நீளமோ இரண்டடி. வளைத்தோம், திருப்பினோம், தலையை ஒரு மூலையிலும் வாலை எதிர்மூலையிலும் வைத்து அழுத்தினோம். வால் வெளியேதான் நின்றது. மூடியை அதன்மேல் சாய்த்துக் கயிறு போட்டுக் கட்டினேன். ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. விடியற்காலையில் வாங்கிப் போட்ட நான்கு கிலோ ஐஸில் அப்போதே பாதிதான் மிச்சம். பெட்டிதான் ஐந்து நாள் தாங்குமே என்ற தெம்பில் இருந்தேன்.

கரைக்கு வரும்போது பகல் இரண்டு மணி. அங்கிருந்து மதுரைக்குக் காரில் மூன்று மணி நேரம். வீட்டு வாசலில் திறந்தால் ஐஸ் என்று ஒன்றுமே இல்லை. ரத்தம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் மீன் கிடந்தது. வயிற்றில் விரலை வைத்து அழுத்தினேன். விழுந்த குழி அப்படியே நின்றது. அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குழி தோண்டு" என்றார். தென்னைக்குப் போட்டோம்.

அடுத்தமுறை போனபோது வள்ளத்து அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "பெட்டி எங்கே தம்பி குளிரவைக்கும்? ஐஸ்தான் குளிரவைக்கும். பெட்டி வெயிலை வெளியே நிறுத்தும்" என்றார். "எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். எத்தனை கிலோ ஐஸ் வாங்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள், பெட்டியை அப்புறம் பார்க்கலாம்.

கணக்கு எளிது. ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணீராகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கோடையில் நம் கடலிலிருந்து வரும் மீன் 30 டிகிரி சூட்டில் இருக்கும். அதில் ஒரு கிலோவை 0 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 25 கிலோகலோரியை வெளியேற்ற வேண்டும். அதாவது சூட்டை இறக்குவதற்கு மட்டுமே மீன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் போய்விடும். சுவர் வழியாக நுழையும் வெப்பம், திறந்து திறந்து மூடுவது, ராத்திரி முழுக்கக் காரில் கிடந்து சூடான பெட்டி எல்லாவற்றுக்கும் ஐஸ்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் வெப்பநாடுகளில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்கிறார்கள். ஐந்து நாள், ஏழு நாள் என்ற விளம்பரக் கணக்குகள் பெரும்பாலும் பெட்டி நிறைய ஐஸைக் கொட்டி, திறக்காமல் வைத்துப் பார்த்தவை. சூடான மீனை உள்ளே போட்ட நிமிடமே அந்தக் கணக்கு செல்லாது.

ஐஸ் குவியலாக இருந்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு பழைய கதை. 1833ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். நான்கு மாதப் பயணம், நடுவில் பூமத்திய ரேகை வேறு. போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. அதை அனுப்பிய வியாபாரி பிரெடரிக் டியூடர் சென்னையில் 1842இல் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். வெயில் ஏறாமலிருக்க அந்தக் காலத்துக் காப்பெல்லாம் மரத்தூளும் வைக்கோலும்தான். ஐஸ் மலையாகக் குவிந்திருந்தது, சுற்றிலும் காப்பு தடிமனாக இருந்தது. நான் பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டிக்குள் நான்கு கிலோவைப் போட்டுவிட்டு மூடியையும் திறந்து வைத்திருந்தேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். கடையில் முதலில் மூடியைத் தட்டிப் பாருங்கள். விலை குறைந்த பல பெட்டிகளில் சுவருக்குள் நுரை இருக்கும், மூடிக்குள் வெறும் காற்றுதான் இருக்கும். தட்டினால் காலி டப்பா சத்தம் கேட்கும். அதை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அடுத்து, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஏதாவது ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த வழியாகத்தான் குளிரும் போகும். சுவருக்குள் பாலியூரித்தேன் நுரை இருந்தால் நல்லது. அதே தடிமனில் தெர்மாகோலைவிட நன்றாக வெப்பத்தைத் தடுக்கும். அதற்காகத் தெர்மாகோலை மட்டமாக நினைக்க வேண்டாம். மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் தடித்த தெர்மாகோல் பெட்டி ஒருநாள் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் உடைந்து உதிரும், உதிர்ந்தது கடலில்தான் போய்ச் சேரும். எனக்கு அது பிடிக்கவில்லை.

லிட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நொறுக்கிய ஐஸில் பாதி இடம் காற்றுக்குத்தான் போகிறது. கிலோவுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் பிடிக்கும். பத்துக் கிலோ மீன், பத்துக் கிலோ ஐஸ், சந்துபொந்து எல்லாம் சேர்த்தால் 40 லிட்டருக்குக் குறையாது. நான் இப்போது வைத்திருக்கும் நீலப் பெட்டி 50 லிட்டர், நாலாயிரத்துக்குள் முடிந்தது. அதற்குமேல் போனால் நிரப்பிய பிறகு தூக்க இரண்டு ஆள் வேண்டும். சக்கரம் வைத்த பெட்டியை மணலில் இழுத்துப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

உள்நீளத்தை டேப் வைத்து அளந்து வாங்குங்கள். அப்படியும் மூன்றடி மீன் ஏறினால் முதலில் படம் எடுத்துக்கொண்டு, தலையையும் வாலையும் வெட்டிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். வீட்டுக்கு வந்து முழுமீனைக் காட்டும் பெருமை போகிறது, அவ்வளவுதான். செவுளையும் குடலையும் படகிலேயே எடுத்துவிட்டு வயிற்றுக்குள்ளும் ஐஸைத் திணிக்க வேண்டும். பாளமாக வரும் பார் ஐஸ் மெதுவாகக் கரையும், அது அடியில். நொறுக்கியது மீனை ஒட்டி நிற்கும், அது சுற்றிலும் மேலேயும். கரைந்த நல்ல தண்ணீரிலேயே கடல்மீன் ஊறிக் கிடந்தால் நிறம் வெளுக்கும், கண் பூக்கும். ஆகவே அடியில் வடிகால் திருகு உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மேலே ஒரு நனைத்த சாக்கைப் போட்டு நிழலில் வையுங்கள்.

இவ்வளவு பாடு ருசிக்காக மட்டும் இல்லை. 10 டிகிரியில் மீன் கெடும் வேகம், 0 டிகிரியில் கெடுவதைப் போல் நான்கு மடங்கு. சூரை, கானாங்கெளுத்தி, சீலா போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உண்டாகும். அதற்கு வாடையும் கிடையாது, கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பில் தடிப்பு வரும். நாமோ எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது என்று மீனின்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

அந்தப் பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டி இப்போது சொந்தக்காரர்களின் விசேஷ வீடுகளுக்கு மோர் சுமக்கிறது. அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது.

கழுவுவதைச் சொல்ல மறந்துவிட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்து, மூடியைத் திறந்தே வைத்து வெயிலில் காயவிடுங்கள். ஒருமுறை சோம்பல்பட்டு ஈரத்தோடு மூடி வைத்தேன். மூன்று வாரம் கழித்து மொட்டைமாடியில் திறந்தபோது கீழ்வீட்டிலிருந்து ஆள் ஏறி வந்துவிட்டார்.