பெருக்கத் தெரிந்தால் எண்ணெய் வந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். இலங்கையின் வடமேற்குக் கடலுக்கு அடியிலுள்ள மன்னார்ப் படுகையில் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்ட பீப்பாய்களைச் சந்தை விலையால் பெருக்கி, அதில் நாட்டின் கடனைக் கழித்து, மிச்சத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பலகையில் பங்கும் வைத்துவிட்டார் நெறியாளர். இன்னும் கண்டுபிடிக்காத எண்ணெயைக் கையிருப்பில் சேர்க்கக் கூடாது என்று நான் எழுதிய ஒற்றை வரிக்குத்தான் இத்தனை வசை.

மறுபடியும் சொல்கிறேன், அது கையிருப்பு அல்ல. சிறிய ஓர் அளவுக்கு மேல் இருக்க நூற்றுக்கு 95 வாய்ப்பு, பெரிய ஓர் அளவுக்கு மேல் இருக்க 5 வாய்ப்பு என்று இரு முனைகளைச் சொல்வார்கள். நெறியாளர் எந்த முனையைப் பிடித்தார் என்று சொல்லவும் வேண்டுமா? எண்ணெய் இருக்க, அதை உண்டாக்கும் மூலப்பாறை, நுண்துளைகளில் தேக்கும் தேக்கப்பாறை, கசியாமல் மேலே அடைக்கும் மூடுபாறை, எண்ணெய் நகர்வதற்கு முன்பே அமைந்து அதைப் பிடித்துவைக்கும் பாறை அமைப்பான பொறி ஆகிய நான்கும் ஒருங்கே வாய்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 70 வீதம் என்று தாராளமாகக் கொடுத்தாலும், பெருக்கினால் 24 வீதம்தான். பெருக்கல் அவ்வளவு பிடிக்குமென்றால் இதையும் பெருக்கியிருக்கலாம்.

"2011இல் அதே படுகையின் டொராடோ கிணற்றில் வாயு கிடைக்கவில்லையா?" கிடைத்தது, பரகுடா கிணற்றிலும் கிடைத்தது. அது கண்டுபிடித்த வளம், வேறு கணக்கு. அதுவே இன்னும் கரைக்கு வரவில்லை. "மதிப்பீடு குறைவாகவும் இருக்கலாமே?" இருக்கலாம். ஆனால் அலாஸ்காவின் தேசியப் பெற்றோலிய ஒதுக்கீட்டுப் பகுதிக்கு 2002இல் 1,060 கோடி பீப்பாய் என்று மதிப்பிட்ட அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமே, எண்ணெயை எதிர்பார்த்த இடங்களில் கிணறுகள் வாயுவைக் காட்டியதும், 2010இல் அதை ஏறத்தாழ 90 கோடியாகக் குறைத்தது. அவர்களை யாரும் துரோகி என்று அழைத்ததாக நான் அறியேன்.

நான் வேலை செய்த ஒரு கிணற்றில், நள்ளிரவில் சல்லடையில் கழுவிய பாறைத் துகள்களைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது, எண்ணெய் இருந்தால் ஒளிர்வதுபோல மஞ்சளாக ஒளிர்ந்தது. ஆறு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். ஒருவர் மனைவிக்கே செய்தி அனுப்பிவிட்டார். விடிந்து பார்த்தால், துளைக் குழாய்ப் பூட்டுகளுக்குப் பூசிய கிரீஸ். கிணறு வெறுங்கிணறு. அந்த விளக்கின் கீழ் நின்ற எனக்கு நம்பிக்கை வைக்கத் தெரியாது என்கிறீர்கள்.

கம்பனியின் ஆள் என்றவர்களுக்குப் பதில் இல்லை. ஆனால் "படித்தவனே நாட்டுக்கு எதிராகக் கதைக்கிறான்" என்று குடும்பக் குழுவில் மாமாவும் எழுதியதைத் தாங்க முடியவில்லை. அழைத்தேன். மன்னார் பேசாலையில் இருக்கும் தென்னங்காணியை இப்போது விற்க வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறாராம். டொராடோ ஆயிரம் மீற்றருக்கும் ஆழமான கடலில் இருக்கிறது மாமா என்றேன். "உனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று வைத்துவிட்டார்.