'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுவதற்கு முன்

சேலத்துக்காரர்களுக்குச் சுரங்கம் என்றதும் கண்ணில் வருவது வெள்ளைக்கல் குழிதான். ஏற்காட்டில் பாக்சைட் எடுத்ததும் அப்படித்தான், தலைக்கு மேலே வானம். அதனால் ஜார்க்கண்டில் நிலக்கரிச் சுரங்கத்தில் ஆட்கள் இறந்தார்கள் என்று செய்தி வந்தால், ஏதோ மண் சரிந்திருக்கும் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். நிலத்தடிச் சுரங்கத்தில் மேலே இருப்பது பாறைக் கூரை. அங்கே காலங்காலமாக அதிகம் ஆட்களைக் கொன்றதும் அதுதான்.

கரியில் துளை போட்டு வெடி வைப்பார்கள். அதிகபட்சம் 4.8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்துக்குப் பாதை முன்னேறும். நடுநடுவே கரித்தூண்களை விட்டுவைப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் புதுக் கூரை திறக்கும். அதற்கு அந்த நேரத்தில் எந்தத் தாங்கலும் கிடையாது. ஆபத்து முழுக்க அந்தச் சின்ன இடத்தில்தான்.

புகை போனதும், தாங்கல் கொடுத்த கூரைக்கு அடியிலேயே நின்றுகொண்டு நீளக் கடப்பாரையால் முன்பக்கம் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்' என்றால் கெட்டி. 'பொத்' என்றால் உள்ளே பிளந்திருக்கிறது. நம்ம பக்கம் கிணறு வெட்டுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம். சத்தத்தில் சந்தேகம் வந்தால் ஒரு கையைக் கூரையில் வைத்துத் தட்ட வேண்டும். விரலுக்கு அதிர்வு தெரிந்தால் அந்தப் பாளம் தொங்குகிறது என்று அர்த்தம். அதை இடித்துத் தள்ளிய பிறகுதான் ரூஃப் போல்ட், அதாவது கூரைப் பாறையைப் பிணைத்துப் பிடிக்கிற கம்பி.

போல்ட் விஷயத்தில் நடக்கிற கூத்தைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஒன்றரை மீட்டர் போல நீளமுள்ள கம்பி. சிமெண்ட் பொடி அடைத்த சின்னக் குழல்தான் கேப்சூல். அதைத் தண்ணீரில் ஊறவைத்துத் துளைக்குள் திணித்து, பிறகு கம்பியை ஏற்றுவார்கள். ஊறியது போதாவிட்டால் உள்ளே பொடியாகவே கிடக்கும். அதிகம் ஊறினால் கையிலேயே குழைந்துவிடும். பழைய கேப்சூல் பெட்டியிலேயே இறுகிப்போயிருக்கும். துளை ஆழம் குறைந்தால் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அரைமணி நேரத்தில் 3 டன், இரண்டு மணி நேரத்தில் 5 டன் இழுவையை அது தாங்க வேண்டும். இழுத்துப் பார்த்தால்தானே தெரியும்! கீழிருந்து பார்க்கும்போது பிடித்த போல்ட்டும் பிடிக்காத போல்ட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

துளை போடும் மெஷின் ரிப்பேர், கேப்சூல் வந்து சேரவில்லை, ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, கரி குவிந்து கிடக்கிறது. 'முதலில் அள்ளிடு, அப்புறம் போல்ட் போடலாம்' என்று ஒரு குரல். அள்ளப் போனவன் மேல் பாளம் விழுந்தால் விபத்து அறிக்கையில் 'தாங்கலில்லாத கூரைக்கு அடியில் கவனமின்றிச் சென்றார்'. போகச் சொன்ன குரலுக்கு அறிக்கையில் ஒரு வரியும் இருக்காது.

வாயுவில் நம் கிணற்று அனுபவம் பாதிதான் உதவும். கிணற்றில் விளக்கை இறக்கி அது அணைந்தால் ஆள் இறங்குவதில்லை. கரிச் சுரங்கத்து மீத்தேன் லேசானது, கூரையை ஒட்டி நிற்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் திறந்த விளக்கே வெடிக்குத் திரி. அதனால்தான் 1.25 சதவீதத்தைத் தாண்டினாலே மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறது விதி. கருவியை இடுப்பு உயரத்தில் பிடித்து 'வாயு இல்லை' என்று எழுதுவது சோதனையே இல்லை.

தண்ணீர் இன்னொரு எமன். 1975 டிசம்பர் 27, தன்பாத் பக்கம் சாஸ்நாலா: மேலே பழைய வெட்டில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு இறங்கி 375 பேர் போனார்கள். இதில் யாருடைய கவனக்குறைவைத் தேடுவது, கீழே கரி வெட்டிக்கொண்டிருந்தவனுடையதையா?

இதை இங்கே எழுதக் காரணம், நம்ம பக்கத்துக் குவாரிகளிலும் இதே சொல்தான் ஓடுகிறது. 'அவன் தப்புதான், குடுக்கிறதை வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க' என்பார்கள். 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்திலும் சரி, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் சரி, சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டை மறுக்கும் விலக்காகவே சொல்லப்படவில்லை. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறியது, பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றியது ஆகியவைதான் விலக்கு. ஆள் இறந்துபோனாலோ நிரந்தரமாக முழு ஊனமானாலோ அந்த விலக்குகளும் செல்லாது. கையெழுத்துக் கேட்டு வருகிறவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.