அன்று ராத்திரி விளக்கை அணைத்த வீடு என்னுடையதுதான்

நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் குரல்பதிவைக் கேட்டவர்களுக்கு விஷயம் தெரியும். "ஊரே முழிச்சிருந்த ராத்திரியில லைட்டை அணைச்சிட்டுப் படுத்த வீடு எதுன்னு தெரியும். நாட்டுப்பற்று இருந்தா தூக்கம் வருமா?" கீழே வரிசையாகத் தேசியக்கொடிகள்.

அது என் வீடுதான். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தேன். 2024 டி20 உலகக்கோப்பை கிரிக்கெட் ஃபைனலைப் பார்க்கவில்லை. பார்க்காதது குற்றமா? பெரிய திரைக்கு வசூல் கேட்டு வந்தபோது 200 ரூபாய் கொடுத்தேன், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. யாரையும் தடுக்கவில்லை. எனக்குப் பார்க்க விருப்பமில்லை, அவ்வளவுதான்.

"17 வருஷம் கழிச்சு டி20 கோப்பை, ஒரு நாள் கொண்டாடக் கூடாதா?" என்பீர்கள். கொண்டாடுங்கள். கடைசி ஓவரில் சூர்யகுமார் பவுண்டரிக் கோட்டில் பிடித்த கேட்சைக் காலையில் மகள் காட்டினாள். அருமையான கேட்ச்.

ஆனால் நீலகிரியில் நம் பந்தலூர்ப் பக்கம் நடுராத்திரியில் வெடிச்சத்தம் கேட்டால், ஊருக்குள் வந்த யானையை விரட்டுகிறார்கள் என்று அர்த்தம்; உங்களுக்கா தெரியாது? அம்மா பதறி எழுந்து தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் வந்திருக்கு?" என்றார். யானை இல்லம்மா, பார்படாஸில் இந்தியா ஜெயித்திருக்கிறது என்று சொல்லிப் படுக்கவைத்தேன். விடியும்வரை அவர் கண் மூடவில்லை.

"பார்க்காத ஆளுக்கு எதுக்குப் பதிவு, சும்மா இருக்கலாமே?" சும்மாதான் இருந்தேன். என் வீட்டைப் பேச்சில் இழுத்தது யார்?

கிரிக்கெட் எல்லாரையும் ஒன்றாக்குகிறதாம். 2007 ஒருநாள் உலகக்கோப்பையில் தோற்றபோது ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் போய் உடைத்தவர்களும் ரசிகர்கள்தான். அதையாவது தோற்ற ஆத்திரம் என்பீர்கள். ஜெயித்த ராத்திரியில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டு, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலைக்குச் சேர்ந்தவர். கிரிக்கெட் என்றால் உயிர். வர்ணனை ஓடும்போது ரேடியோ பக்கத்தில் எங்களைப் பேசவிட மாட்டார். 2011 ஏப்ரல் 2, மும்பையில் இந்தியா–இலங்கை ஃபைனல். தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஒரு வீட்டு டிவி முன்னால் கூட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஜெயவர்த்தனே சதம் அடித்ததும் அப்பா கைதட்டினார். நல்ல ஆட்டம் யார் ஆடினாலும் தட்டுவார். பின்னாலிருந்து ஒருவர், "பெரியவரே, நீங்க எந்தப் பக்கம்? சிலோன் பக்கமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். தோனி அடித்த கடைசி சிக்ஸரை அவர் பார்க்கவில்லை. சாகும்வரை வேறு எந்த மேட்சும் பார்க்கவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

தம்பி, உன் தாத்தாவும் என் அப்பாவும் ஒரே கப்பலில் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்கள். நீ மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அந்தக் குரல்பதிவை மட்டும் எடுத்துவிடு. யாரோ அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.