ரோடு எஸ்டிமேட்டில் வெள்ளம் எங்கே?
மத்திய, மாநில அரசுகளுக்குள் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று சொல்கிற 15-வது நிதி ஆணையம், மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கென்று, அதாவது பாதிப்பை முன்கூட்டியே குறைக்கிற வேலைக்கென்று, பிரித்துவிட்டதால் பேரிடர் அபாயம் பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது என்கிறது மேலே உள்ள கட்டுரை. அது தனி உண்டியல், அவ்வளவுதான். ஆபத்தை உண்டாக்குகிற செலவெல்லாம் சாலை, கட்டடம் என்று வேறு கணக்கில்தானே போகிறது? பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார், ஆனால் எங்கள் தெருவில் அதற்கப்புறமும் பழசுக்கு மேலேயே போட்டார்கள், படியேறிப் போன வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போகிறோம், மழை வந்தால் தெருத்தண்ணீர் நேராக ஹாலுக்குத்தான். அப்புறம் 2023 மிக்ஜாம் புயலுக்குக் கொடுத்த மாதிரி 6,000 ரூபாய் நிவாரணம், அது இன்னொரு கணக்கு. கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர் இன்னும் நிதி வேண்டும் என்கிறார். முதலில் தெரு மட்டமும் தண்ணீர் போகிற வழியும் எழுதாத எந்த எஸ்டிமேட்டுக்கும் பில் பாஸ் ஆகாது என்று வைக்கட்டும்.