வெள்ளைச் சிங்கம் தனி இனமா?

"வெள்ளைச் சிங்கம் அழிந்துவரும் தனி இனம், குட்டியைத் தொட்டுப் பார்க்கக் கட்டும் பணம் அதைக் காப்பாற்றும்" என்ற செய்தி டர்பன் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டும் தவறு.

வெள்ளை நிறம், நிறமி உருவாக உதவும் டைரோசினேஸ் மரபணுவில் ஏற்பட்ட ஒடுங்கு மாற்றத்தால் வருவது; தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் அது வெளிப்படும். 2013-இல் இது உறுதியானது. தென்னாப்பிரிக்காவின் டிம்பாவதி காப்பகத்தில் பழுப்புநிறத் தாய்க்கே வெள்ளைக் குட்டி பிறந்திருக்கிறது. பெற்றோர் இருவரிடமும் அந்த மாற்றம் மறைந்திருந்தால், ஒவ்வொரு குட்டியும் வெள்ளையாகப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. குட்டியைத் தொடப் பணம் வாங்கும் பண்ணைகள் வெள்ளையையே வேண்டி நெருங்கிய உறவுகளை இணை சேர்க்கின்றன. அதில் மரபணு வளம் கூடுவதில்லை, குறைகிறது.

உண்மையான பாதுகாப்பைப் பார்க்க நம் குவாசுலு-நடாலின் லூலுவே-இம்ஃபொலோசி வனவிலங்குப் பூங்காவே போதும். 1958-இல் ஓர் ஆண் சிங்கம் அங்கே வந்தது. 1960-களில் சில பெண் சிங்கங்கள் சேர்ந்தன. அந்தச் சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள் வேலிக்குள்ளேயே பெருகி, நெருங்கிய உறவுகளே இணைசேரும் உள்ளினச்சேர்க்கையால் நலிந்தன. 1999 முதல் 2001 வரை வெளியிலிருந்து 16 சிங்கங்களைக் கொண்டுவந்த பிறகே நிலைமை தேறியது.

இடம் மாற்றுவதும் லேசான வேலையல்ல. புதிய சிங்கங்களைச் சில வாரங்கள் மின்வேலிப் பட்டியில் அடைத்துப் பழக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் வந்த திசைக்கே ஓடப் பார்க்கும். புதிய ஆண்கள் கூட்டத்தைக் கைப்பற்றினால் பழைய குட்டிகளைக் கொன்றுவிடும். எதை, எப்போது விடுவது என்பதில்தான் அனுபவம் தெரியும்.

தொட்டுப் பார்க்கும் குட்டி பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது. மனிதரைக் கண்டு அஞ்சாத, வம்சாவளி தெரியாத அந்த விலங்கைக் காட்டில் விட எந்தச் சரணாலயமும் முன்வராது. பணம் கட்டுமுன் "தாய் எங்கே? வளர்ந்த குட்டிகள் எங்கே போயின?" என்று கேளுங்கள்.