ஜால்ராக்காரன் கேட்ட கேள்வி

கல்பாக்கம் அணு உலைக்கு எதிராக ஞாயிற்றுக்கிழமை நடந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு நடந்தது தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். நான் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. அதை முடிப்பதற்குள் "அணு உலைக்கு ஜால்ரா" என்று பட்டம் சூட்டி, மைக்கையும் அணைத்துவிட்டார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சரி, இது என் சுவர். முழுசாகக் கேட்டுவிடுகிறேன்.

"நாற்பது வருஷத்துக் கல்பாக்கம் உலை துருப்பிடித்த அம்பாசடர்" என்றார் பேச்சாளர். கைதட்டல் பொம்மைகளாகப் பறந்தன. நான் கேட்டது, அந்த அம்பாசடரின் உள்ளே எதை எப்போது மாற்றினார்கள் என்று பார்த்தீர்களா என்பதுதான். வயதைச் சொல்லாதீர்கள், செக்கப் ரிப்போர்ட்டைச் சொல்லுங்கள். இதில் ஜால்ரா சத்தம் எங்கே கேட்டது?

கல்பாக்கம் மாதிரி கனநீர் (கனமான ஹைட்ரஜன் சேர்ந்த தண்ணீர்) உலைகளில் சீக்கிரம் மூப்புத் தட்டுவது எரிபொருளைத் தாங்கும் அழுத்தக் குழாய்களுக்கு. உலைக்கு 306 குழாய்கள். வருஷக்கணக்கில் நியூட்ரான் அடி, சூடு, அழுத்தம். குழாய் நீளும், நடுவில் தொய்யும், ஹைட்ரஜனை உறிஞ்சி உறிஞ்சி நொறுங்கும் பதத்துக்கு வரும். அதனால் 2002-க்கும் 2006-க்கும் நடுவே இரண்டு உலைகளிலும் பழைய குழாய்கள் அத்தனையையும் உருவிவிட்டு, சிர்கோனியம்-நியோபியம் கலவையில் செய்த புதுக் குழாய்களைப் போட்டார்கள். முதல் உலை அந்த வேலைக்காக நின்றிருந்தபோதுதான் 2004 சுனாமி வந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவதின் பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்தது, பத்திரமாக நிறுத்தினார்கள். அதே முதல் உலை 2018 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டு வருஷக்கணக்கில் நின்றது. பேச்சாளர் அதையும் சேர்த்துத்தான் "ஓடிக்கொண்டிருக்கும் ஆபத்து" என்று முழங்கினார். நிற்கிற வண்டி எப்படி ஐயா நடுரோட்டில் ஓடும்?

உடனே உலைக்கு ஆதரவான அந்தப் பக்கத்து நண்பர்கள் ஹார்ட்டின் போட ஓடிவர வேண்டாம். உங்களுக்கும் வைத்திருக்கிறேன். 2016 மார்ச் 11, குஜராத் காக்ராபார், முதல் உலை. ஒரு அழுத்தக் குழாய் கசிந்தது. அந்த உலைக்குக் குழாய்கள் எல்லாம் மாற்றி ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. புதுக் குழாய்! வெளிப்பக்கம் அரிப்பு. இப்போது சொல்லுங்கள், வயதைக் கேட்பதா, செக்கப் ரிப்போர்ட்டைக் கேட்பதா?

"ஃபுகுஷிமா முதல் உலைக்கும் நாற்பது வயதுதானே?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். ஆமாம், நாற்பதுதான். அதைச் சாய்த்தது 2011 சுனாமி, வயதில்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

"இவன் யார், விஞ்ஞானியா?" இது உண்மையிலேயே வலித்தது. நான் விஞ்ஞானி இல்லை. பதினோரு வருஷம் குழாய்ச் சுவரின் தடிமனை அளந்து சோறு தின்றவன். சாரத்தில் ஏறி, இன்சுலேஷனைப் பிரித்து, ஜெல் தடவி, ப்ரோபை (கருவியின் அளக்கும் முனையை) வைத்து, வருகிற எண்ணை எழுதுகிறவன். அணு உலைக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் குழாய் எங்கே போனாலும் குழாய்தான். வளைகிற இடத்திலும் குறுகுகிற இடத்திலும்தான் தண்ணீர் சுவரைத் தின்னும். அங்கே ப்ரோபை வைக்காதவன் வேறு எங்கே வைத்தும் பிரயோஜனமில்லை.

ஜப்பானில் மிஹாமா என்று ஓர் அணுமின் நிலையம். மூன்றாவது உலை 1976-இல் ஓட ஆரம்பித்தது. 2004 ஆகஸ்டில் அங்கே சுடுநீர்க் குழாய் ஒன்று வெடித்தது. கதிர்வீச்சு கிடையாது, வெறும் கொதிநீரும் ஆவியும். ஐந்து பேர் செத்தார்கள். 10 மில்லிமீட்டர் இருந்த சுவர் இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது. அந்த இடத்தை 28 வருஷமாக ஒருவரும் அளக்கவில்லை, ஏனென்றால் சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அந்த இடமே விட்டுப்போயிருந்தது. செத்தவர்கள் வரப்போகிற ஷட்டவுனுக்காக (பராமரிப்புக்கு நிலையத்தை நிறுத்துவதற்காக) முன்வேலை பார்க்க வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். நம்ம ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பேசினார்களே, இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா? வராது. பட்டியலில் விட்டுப்போன ஒரு வரியை வைத்து மீம் போட முடியாதில்லையா.

"ரிப்போர்ட் கேட்கிறாயே, அரசாங்கம் காட்டுமா?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். உலைகளைக் கண்காணிக்கிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் கண்காணிக்கப்படுகிற அணுசக்தித் துறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே குறை சொன்னார். அதைத்தானே நேரலையில் கேட்டிருக்க வேண்டும்? எந்தக் குழாயை எப்போது அளந்தீர்கள், என்ன எண் வந்தது, யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டால் அவர்களுக்கு வியர்க்கும். அம்பாசடர் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் கேட்கத் தெரியாமல் கேட்பது அவர்களுக்கு எவ்வளவு வசதி என்று யோசித்தீர்களா?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று மனைவிகூடக் கேட்டாள். சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலை, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஷட்டவுனில் கடைசி நாள், மறுநாள் காலை பாய்லரை ஏற்றியாக வேண்டும். பதினான்கு இடம் பாக்கி. அதில் ஒன்று மேலே, சாரம் எட்டாத ஒரு எல்போ, அதாவது குழாய் வளைவு. சூப்பர்வைசர் போன வருஷத் தாளை நீட்டி, "தம்பி, இதில் இருக்கிறதையே பாயிண்ட் ஒன்று குறைத்து எழுதிடு" என்றார். அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாசம். ஒப்பந்தக் கம்பெனியில் தினக்கூலி.

எழுதினேன்.

ஒன்றும் வெடிக்கவில்லை. அடுத்த வருஷம் அங்கே போனது வேறொரு பையன். அவன் கையில் தந்தது என் தாளைத்தான்.